கட்டாத வீட்டுக்குக் குடிவந்தவர்கள்

மதுரைக்கு வடக்கே, புறவழிச் சாலையைத் தாண்டி இருக்கும் ஆசிரியர் காலனியில், கட்டாத வீட்டுக்கு ஆட்கள் குடிவந்தது எந்த வருடம் என்று கேட்டால், ஒருவரும் நேராகப் பதில் சொல்லமாட்டார்கள். குருவம்மாள் டீச்சர் கிணற்றில் தண்ணீர் இரண்டு உறை இறங்கின வருடம் என்பார் ஒருவர், ஆண்பிள்ளைகள் எல்லாம் வெயில் மழை பார்க்காமல் குடைபிடித்து நடந்த வருடம் என்பார் இன்னொருவர். கட்டாத வீடு என்றால் பாதியில் நின்ற வீடு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு செங்கல்கூட வைக்காத வீடு. அஸ்திவாரத்துக்குக் குழிகூட வெட்டாத வீடு.

அந்தக் காலனியில் முப்பத்தாறு வீடுகள். எல்லாம் வாத்தியார்கள் சேர்ந்து சங்கம் வைத்து, வீட்டுக்கு ஆறு சென்ட் என்று அளந்து, கருவேலங்காட்டை வெட்டிக் கட்டியவை. வடகோடியில் பதினெட்டு சென்ட் மட்டும் யாருக்கோ சொந்தமாகி, காலியாகக் கிடந்தது. அதில் ஏழு மாடிக் குடியிருப்பு, மாடிக்கு நாலு வீடு, ஆக இருபத்தெட்டு வீடு வரப்போகிறது என்று ராஜாக்கனி என்ற கட்டட முதலாளி பலகை நட்டதும், காலனி முழுவதும் அடுப்பில் வைத்த உலைபோலக் கொதித்தது.

மனையை ஒட்டித் தெற்கே இருந்தது குருவம்மாள் டீச்சர் வீடு. முப்பத்தோரு வருடம் பூகோளம் நடத்தி ஓய்வுபெற்றவர், காலனி நலச்சங்கத்தின் செயலாளர். கணவர் அழகர்சாமி அதே பள்ளியில் டிரில் மாஸ்டர். கழுத்தில் விசில் இல்லாமல் காய்கறி வாங்கக்கூடப் போகமாட்டார். அவர்கள் வீட்டுப் பின்புறத்தில் இருந்த கிணறு, மூன்று இடத்தில் தோண்டிக் கைவிட்டு நாலாவது இடத்தில் தண்ணீர் கண்ட கிணறு. காலனிக்காரர்கள் ஆழ்துளை போட்டு ஆழ்துளை போட்டு ஏமாந்த பஞ்ச வருடத்தில் முப்பத்தாறு வீடும் அதில்தான் குடம் நனைத்தது. மூன்று வீடு கட்டும் இடத்தில் இருபத்தெட்டுக் குடும்பம் வந்தால், அவர்கள் எந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள் என்று டீச்சர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வந்த ராஜாக்கனி, காபியைக் குடித்துவிட்டு, "எல்லாம் பாத்துக்கலாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாத்துக்கலாம் என்பவர்களை டீச்சர் நிறையப் பார்த்திருந்தார். பதினோரு காரணங்கள் காட்டி ஆட்சேப மனு எழுதினார். வாத்தியார்கள் காலனி அல்லவா, மனு வீடு வீடாகப் போய்த் திரும்பியபோது சிவப்பு மையில் குளித்துவிட்டு வந்தது. தமிழையா சந்தி பார்த்திருந்தார், சங்கத் தலைவரான கணக்கு வாத்தியார் நாகரத்தினம் வரிசை எண்களைச் சரிபார்த்து ஓரத்தில் சுருக்கொப்பமும் போட்டிருந்தார். மனு திட்ட அலுவலகத்துக்குப் போனது, அனுமதி நின்றது.

நின்றது காலனிக்கும் ராஜாக்கனிக்கும் மட்டும்தான் தெரியும். இருபத்தெட்டு வீட்டையும் பதிவு செய்த குடும்பங்களுக்கு அவர் "ஆவணிக்குச் சாவி" என்று சத்தியம் பண்ணியிருந்தார். அவர்கள் ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடித்து, குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்து, இருந்த வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லி, அங்கே அடுத்த ஆளும் முன்பணத்தோடு வாசலில் வந்து நின்றாகிவிட்டது. குறித்த முகூர்த்தத்தைத் தள்ளினால் அந்த வீடு தங்காது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே, விடிந்ததும் விடியாததுமாக இருபத்தெட்டுக் குடும்பமும் அடுப்பும் பானையும் குத்துவிளக்குமாகக் காலி மனையில் வந்து இறங்கின. "வீடு எப்ப வேணாலும் வரட்டும்ங்க. பாலை மட்டும் காய்ச்சிக்கிறோம்" என்றார்கள்.

ராஜாக்கனி சுண்ணாம்புப் பொடியால் தரையில் நாலு கட்டம் போட்டுக் கொடுத்தார். ஏ, பி, சி, டி. பால் காய்ச்சுவது அவரவர் அடுப்பங்கரை இருக்கும் இடத்தில்தான் என்பது சம்பிரதாயம்; சி கட்டத்துக்குள் ஒன்று சி, இரண்டு சி, மூன்று சி என்று ஏழு சி வரைக்கும் ஏழு குடும்பமும் வந்து நின்றன, ஏனென்றால் ஏழு வீட்டுக்கும் அடுப்பங்கரை பூமியில் அந்த ஒரே இடம். ஏழு அடுப்பு, ஏழு பானை, ஏழு வீட்டுச் சம்பந்திகள்.

"கொஞ்சம் தள்ளி வைங்கத்தா."

"எங்கிட்டுத் தள்ள? தள்ளினா பி வீட்டுக்குள்ள போயிரும்."

"ஏய், சீலை அடுப்புல படுது!"

குருவம்மாள் டீச்சர் தமது மொட்டை மாடியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது நன்றாக ஏறியபோது இருபத்தெட்டுப் பானையிலும் பால் ஒருசேரப் பொங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். அந்தக் குலவையின் நடுவே, கீழே நிற்க இடம் போதாமல், அவரவர் அவரவர் மாடிக்குப் போனார்கள். ஒருவரும் அவசரப்படவில்லை, ஒருவரை ஒருவர் இடிக்கவில்லை. ஒன்றாம் மாடிக்காரர்கள் ஒரு தென்னங்கன்று உயரம் போய் நின்றார்கள், இரண்டாம் மாடிக்காரர்கள் அதற்கும் மேலே போனார்கள், ஏழாம் மாடிக்காரர்கள் கிளி பறக்கும் உயரத்தைத் தாண்டி, எரிகிற அடுப்போடும் பொங்குகிற பாலோடும், நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாவோடும் போய் அவர்களுடைய இடத்தில் நின்றார்கள். சாஸ்திரிகள் மட்டும் தரையில் இருந்தார், அவருக்கு அங்கே வீடில்லை. மந்திரத்தை நடுவில் நிறுத்தக் கூடாது என்பதால் அண்ணாந்து பார்த்தபடியே சொல்லி முடித்தார்.

டீச்சர் கைகூப்பிவிட்டார். கூப்பின பிறகுதான் ஆட்சேபம் எழுதினவர் தாமே என்பது நினைவுக்கு வந்து கையை இறக்கினார். ஆனால் உடம்பு சிலிர்த்தது அடங்கவில்லை. பூமியைப் பற்றி எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர், பூமி இப்படியும் செய்யும் என்று ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லையே என்று வெட்கமாக இருந்தது.

போனவர்கள் இறங்கவில்லை. பால் காய்ச்சின வீட்டில் அன்றைக்குத் தங்கியாக வேண்டும் என்று தங்கினார்கள்; மறுநாள் இறங்கலாம் என்றால் படியில்லை, லிப்ட்டும் இல்லை. தீயணைப்பு வண்டி வந்து ஏணியைச் சாய்த்தது. மேலே இருப்பவர்கள் ஏணியில் கால் வைத்தால், கால் தண்ணீரில் வைத்ததுபோல அதற்குள் போயிற்று. வீட்டுக்காரர்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் இறங்க முடியும் போலிருக்கிறது என்று சொல்லி, ஏணியை மடக்கிக்கொண்டு வண்டி போய்விட்டது.

பால் பொங்கின நேரத்தில் அங்கே இல்லாதவர்கள் தரையில் தங்கிப்போனார்கள். சூடம் வாங்கக் கடைக்குப் போயிருந்த ஒரு மாமனார், வண்டி நிறுத்தப் போயிருந்த இரண்டு மருமகன்கள், இப்படி ஏழெட்டுப் பேர். அவர்களில் ஒருவன் ஜெயசீலன், டவுன் பஸ் கண்டக்டர். காலை டியூட்டியை மாற்றிவிட ஆள் கிடைக்காமல், ஓட்டமாக ஓடி வந்து சேர்ந்தபோது அவன் மனைவி முத்துச்செல்வி நாலாவது மாடியில் இருந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். மேலே இருந்து எட்டிப் பார்த்து, "பால் பொங்கிருச்சுங்க" என்றாள். மறுநாள் வந்த தீயணைப்பு ஏணியில் அவன் நாலாம் மாடி வரை ஏறினான். அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்று காலை எடுத்து வைத்தான். அவனுக்கு அங்கே தரை இல்லை. நல்லவேளை, இடுப்பில் கயிறு கட்டியிருந்தார்கள்.

அதன் பிறகு அவன் மனையிலேயே, சி கட்டத்துக்கு நேர் கீழே, ஒரு தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருந்தான். டியூட்டி முடிந்து வந்ததும் அண்ணாந்துகொண்டு நாள் முழுக்க நடந்ததைச் சொல்வான். அவளும் சொல்வாள். புருஷன் பெண்சாதி பேச்சு நாலு மாடி உயரத்துக்குக் கத்திப் பேசப்பட்டதால், அவர்களுக்குள் ரகசியம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. அவளுக்குப் புளிப்பு மாங்காய் ஆசை என்பது முப்பத்தாறு வீட்டுக்கும் தெரிந்தது.

எந்த அதிசயமும் பத்து நாளைக்குத்தான் அதிசயம். பதினோராம் நாள் அது பழக்கம். மேலே இருப்பவர்கள் பாயையும் பழஞ்சேலையையும் விரித்துத் தரையாக்கினார்கள், போர்வையைத் தொங்கவிட்டுச் சுவராக்கினார்கள். இல்லாத சுவரில் அடித்த ஆணி நின்றது, அதில் காலண்டர் தொங்கியது. மேலே பெண்கள் நடமாடும்போது கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று காலனி ஆண்கள் தாங்களாகவே ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டு, அந்தத் தெருவில் குடைபிடித்து நடந்தார்கள். கீரைக்காரம்மா தெருவைப் பார்த்துக் கூவுவதை விட்டு வானத்தைப் பார்த்துக் கூவப் பழகினாள்; இருபத்தெட்டுக் கூடைகள் கயிற்றில் இறங்கும், இருபத்தெட்டுக் கட்டுக் கீரை ஏறும். எந்தக் கூடை எப்போது இறங்குவது என்பதை அழகர்சாமி விசிலடித்து ஒழுங்குபடுத்தினார். ஓய்வுபெற்ற பிறகு அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை. இரண்டு டி-யில் இருந்த பெண் ரவிக்கை தைத்து இறக்கினாள். ஐந்து ஏ-யில் இருந்த பட்டதாரி காலனிப் பிள்ளைகளுக்கு மேலேயிருந்தே கணக்குச் சொல்லிக் கொடுத்தான், பிள்ளைகள் தெருவில் உட்கார்ந்து அண்ணாந்தே படித்தார்கள், அந்த வருடம் அவர்களுக்குக் கணக்கும் வந்தது, கழுத்து வலியும் வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில், ஏழு அடுக்கிலும் அகல் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டு, போர்வைகளுக்குப் பின்னால் ஆட்கள் நடமாடுவது நிழலாகத் தெரியும்போது, திட்டுவதற்கென்றே வாசலுக்கு வந்தவர்கள்கூடத் திட்ட மறந்து நின்றார்கள்.

ஆனால் அத்தனை பேருக்கும் தண்ணீர் டீச்சர் கிணற்றிலிருந்துதான் ஏறியது. தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று எந்த வாய் சொல்லும்? அழகர்சாமி இறைத்து இறைத்துக் கூடையில் வைத்தார். டீச்சர் தினமும் காலையில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். புரட்டாசி முடிவதற்குள் ஒரு உறை இறங்கியது. ஐப்பசியில் இன்னொன்று.

"பாத்தீங்களா? நான் எழுதினது தப்பா?" என்று கணவரிடம் கேட்டார்.

"தப்புன்னு யாரு சொன்னா குருவு? நீ எழுதினதும் சரிதான், அவங்க குடிக்கிறதும் சரிதான்."

"ரெண்டும் எப்படிங்க சரியாகும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் டிரில் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

சங்கக் கூட்டம் வாரம் தவறாமல் பூங்காக் கொட்டகையில் கூடியது. நாகரத்தினம் சார் மனுவை விடக் கூடாது என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவர் வீட்டு ஆழ்துளையில் காற்றுதான் வந்தது. அறிவியல் டீச்சர் லூர்துமேரி, நடுவாந்திரமாகப் போகிறவர், "ஏழு மாடிக்குப் பதிலா நாலு மாடியாக் குறைக்கச் சொல்லுவோமே சார், எல்லா ஊர்லயும் அப்படித்தான பேசி முடிக்கிறாங்க?" என்றார்.

"குறைச்சா, அஞ்சு ஆறு ஏழுல நிக்கிறவங்க கால் எதுமேல நிக்கும்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். அதோடு கூட்டம் கலைந்தது.

ராஜாக்கனி செய்த மேல்முறையீட்டுக்கு எதிராகத் திருத்திய மனு ஒன்றை டீச்சர் முற்றத்தில் மேஜை போட்டு எழுதிக்கொண்டிருந்தார். அந்த முற்றம் திறந்த முற்றம் என்பதும், அதை எட்டிப் பார்க்கும் உயரத்தில் பக்கத்து மனையின் நாலாவது மாடி இருக்கிறது என்பதும் அவருக்குத் தோன்றவே இல்லை.

"டீச்சர்" என்று மேலேயிருந்து குரல் வந்தது. முத்துச்செல்வி இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு டீச்சர். இங்கிருந்தே படிக்க முடியுது."

டீச்சர் பதறிக் காகிதத்தைக் கையால் மறைத்தார். பரீட்சையில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி.

"மூணாவது பத்தியில எங்களை உத்தேசக் குடியிருப்பாளர்னு போட்டிருக்கீங்க. நாங்க உத்தேசமா இல்ல டீச்சர். உசிரோட இருக்கோம்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் டீச்சர் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பார். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். டீச்சர் அந்த வார்த்தையை அடித்தார். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று விளக்கு வைக்கும்வரை யோசித்தும் ஒரு வார்த்தை அகப்படவில்லை.

ஐப்பசிக் கடைசியில் அவளுக்கு வளைகாப்பு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்துப் போக வேண்டும், தாய் இல்லை, இருந்தாலும் எப்படி அழைத்துப் போவது? நாலாம் மாடிக்குக் கிட்டத்தில் இருப்பது டீச்சர் வீட்டு மொட்டை மாடிதான். காலனிப் பெண்கள் தட்டுகளோடு வந்து வாசலில் நின்றபோது, "ஆட்சேபம் வேற, வளையல் வேற" என்று சொல்லி டீச்சர் கதவைத் திறந்தார். ஐந்து வகைச் சோறு கூடையில் ஏறியது. வளையல் பெட்டி ஏறப்போகும்போது, முதல் வளையலை வயதில் மூத்தவர் போட வேண்டுமே என்று பெண்கள் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் ஒரு பச்சை வளையலை எடுத்து, தம் கையில் போட்டுப் பார்த்து, கழற்றிக் கூடையில் வைத்தார். கயிற்றைத் தாமே இழுத்தார். மேலே முத்துச்செல்வி அதைப் போட்டுக்கொண்டு கையை ஆட்டினாள். சத்தம் கீழே தார்ப்பாய் வரைக்கும் கேட்டது. ஜெயசீலன் அங்கே முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தன் பெண்டாட்டிக்குச் சந்தனம் பூசக் கை எட்டவில்லை அவனுக்கு.

அவன் அழுததை டீச்சர் பார்த்துவிட்டார். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

பிறகு அடைமழை. மேலே கூரையில்லை. ஏழாம் மாடியை நனைத்த மழை ஆறாம் மாடியையும் நனைத்து ஐந்தாம் மாடியையும் நனைத்து, ஒருவரையும் விடாமல் நனைத்துவிட்டுத்தான் தரைக்கு வந்தது. அத்தனை பேரும் குடைபிடித்து நின்றார்கள். ஏழு அடுக்குக் கறுப்புக் குடைகள், நடுவில் மழை. ஆட்சேபக்காரர் நாகரத்தினம் சாரே தம் வீட்டுத் தார்ப்பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். "மனு வேற, மழை வேற" என்றார் டீச்சரிடம். வாத்தியார்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவது இப்படித்தான். கிணறு ஒரு உறை ஏறியது, அதற்கு மேல் ஏறவில்லை.

விசாரணைக்குத் திட்ட அலுவலகத்து அதிகாரி கார்த்திகைக் கடைசியில் வந்தார். முதல் தடவை வந்தபோது அண்ணாந்து பார்த்துவிட்டு மருத்துவ விடுப்பில் போனவர், இந்த முறை ஒரு முடிவோடு வந்திருந்தார். கொட்டகையில் மொத்தக் காலனியும் கூடியிருந்தது. ராஜாக்கனி ஒரு ஓரத்தில், ஜெயசீலன் வாசற்பக்கம்.

"விதியில தரைக்கு மேல நிக்கிறவங்களப் பத்தி ஒண்ணும் இல்ல" என்றார் அதிகாரி. "இருக்கிறத வச்சுத்தான் நான் முடிவு பண்ண முடியும். அந்த இடத்துல யாரும் குடியில்லைன்னு சங்கம் எழுதிக் கொடுத்தா, காலி மனை. உங்க ஆட்சேபம் செல்லும், அனுமதி கிடையாது. குடியிருக்காங்கன்னு எழுதிக் கொடுத்தா, குடியிருக்கிறவங்களுக்குக் கட்டடம் இல்லாம விட முடியாது, அனுமதி கொடுத்தாகணும். செயலாளர் கையெழுத்துப் போட்டா போதும். ஒரு வரி."

"யாரும் இல்லைன்னு எழுதினா அவங்க என்ன ஆவாங்க?" என்று லூர்துமேரி டீச்சர் கேட்டார்.

"இறங்கிருவாங்க" என்றார் நாகரத்தினம் சார்.

"இறங்குவாங்களா, விழுவாங்களா?"

அதிகாரி தண்ணீர் குடித்தார்.

காகிதம் குருவம்மாள் டீச்சர் முன்னால் வைக்கப்பட்டது. அவருக்குத் தம் கிணறு தெரிந்தது, இறங்கின உறையில் ஒட்டியிருந்த பாசி தெரிந்தது, இருபத்தெட்டுக் குடும்பம் நூறு பேராகி, நூறு பேர் நாலு கோடையைத் தாண்டுவது தெரிந்தது. யாரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் கிணறு மிஞ்சும். பேனாவைத் திறந்தார்.

அப்போது வடக்கேயிருந்து விசில் சத்தம் வந்தது. ஒன்றல்ல, விடாமல். அதற்குப் பின்னால் அழகர்சாமியின் குரல்: "வெந்நி! வெந்நி கொண்டாங்க! முத்துச்செல்விக்கு வலி வந்திருச்சு!" கொட்டகையில் இருந்த பெண்களில் பாதிப்பேர் எழுந்து ஓடினார்கள். ஜெயசீலன் ஓடிப்போய்ச் சி கட்டத்துக்கு அடியில் நின்று, விழுகிற பிள்ளையை ஏந்துகிறவன் மாதிரி இரண்டு கையையும் விரித்து நின்றான். மேலே, நாலு ஏ-யில் ரோஸ்லின் என்று ஒரு நர்ஸ் இருந்தாள். அது அவர்கள் செய்த புண்ணியம். கூடைகள் ஏறின. வெந்நீர் ஏறியது, வெள்ளைத் துணி ஏறியது, டாக்டரம்மா ஒருவர் டீச்சர் வீட்டு மொட்டை மாடியில் நின்று இப்படிச் செய் அப்படிச் செய் என்று கத்தினார். நாலாம் மாடியைச் சுற்றி ஏழு மாடிப் போர்வைகளும் இறக்கித் தொங்கவிடப்பட்டு, ஒரு பெரிய துணிக்கூடு ஆகாயத்தில் நின்றது. காகங்கள்கூட அதன் பக்கம் போகவில்லை. அதிகாரியும் வெளியே வந்து நின்றார். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை.

அழுகுரல் கேட்டது.

எங்கிருந்தோ கேட்டதுபோல இருந்தது, எல்லாப் பக்கமும் கேட்டதுபோல இருந்தது. அதுவரை அந்த ஆகாயத்தில் பேச்சுச் சத்தமும் பாத்திரச் சத்தமும்தான் இருந்தன; அங்கேயே தொடங்கின ஒரு குரல் இருந்ததில்லை. "பொம்பளப் பிள்ள!" என்று ரோஸ்லின் கத்தினாள். ஏழு மாடியிலும் குலவை. தரையில் முப்பத்தாறு வீட்டுப் பெண்களும் குலவை. உலகத்தில் எத்தனையோ கண்டம் உண்டு, தீவு உண்டு, அத்தனையும் குருவம்மாள் டீச்சருக்கு மனப்பாடம். இந்தப் பிள்ளை பிறந்த இடம் எந்தப் படத்திலும் இல்லை. அப்படி ஓர் இடத்திலும் பிள்ளை பிறந்து, பசிக்கு அழுகிறதே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அவர் கொட்டகைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். மற்றவர்களும் வந்தார்கள்.

"சார், இந்தப் பிள்ளைய ஆறு வயசுல ஸ்கூல்ல சேக்கும்போது பிறந்த இடம் கேப்பாங்க" என்றார் அதிகாரியைப் பார்த்து. "அட்மிஷன் ரிஜிஸ்தர் நான் இருபது வருஷம் எழுதியிருக்கேன். ரோட்டோரத்துல பிறந்த பிள்ளைக்கு ரோட்டுப் பேர் எழுதியிருக்கேன். பஸ்ஸுல பிறந்த பிள்ளைக்கு பஸ் நின்ன ஊர் எழுதியிருக்கேன். பிறந்த இடம் இல்லைன்னு ஒரு பிள்ளைக்கும் நான் எழுதினதில்ல."

"குருவம்மா, கிணத்த நெனச்சுப் பாருங்க" என்றார் நாகரத்தினம் சார், தணிந்த குரலில்.

"அதத்தான் சார் நெனச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார் டீச்சர். அவர் கண் கலங்கியிருந்தது.

பிறகு எழுதினார்: இந்த இடத்தில் இருபத்தெட்டுக் குடும்பங்களும், இன்று காலை நாலு சி எண் வீட்டில் பிறந்த ஒரு பெண் குழந்தையும் குடியிருக்கிறார்கள். அதற்குக் கீழே, ராஜாக்கனியைப் பக்கத்தில் உட்காரவைத்து, மழைநீர்த் தொட்டி எங்கே, ஆற்றுக் குடிநீர் இணைப்பு எத்தனை மாதத்துக்குள், ஆழ்துளை எத்தனை அடிக்கு மேல் கூடாது என்று ஒன்று ஒன்றாகக் கேட்டு எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்கினார். பாத்துக்கலாம் என்று அவர் ஆரம்பித்தபோது, "இப்பவே பாத்துருவோம்" என்றார். நாகரத்தினம் சார் அந்த வருடம் முழுவதும் டீச்சரோடு பேசவில்லை. அந்தக் கோடையில் கிணறு அடியைக் காட்டியபோது, டீச்சர் லாரித் தண்ணீர் பிடித்தார். தமக்குத் தாமே செய்துகொண்டது என்பதால் யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

தையில் அனுமதி வந்தது, மாசியில் குழி வெட்டினார்கள். கட்டடம் ஆட்களைத் தேடி மேலே போனது. கொத்தனார்களுக்கு இப்படி வேலை செய்து பழக்கமில்லை. கம்பி கட்டி, பலகை அடித்து, கலவை கொட்டுகிற நேரத்தில் "அக்கா, காலைக் கொஞ்சம் தூக்குங்க" என்பார்கள், வீட்டுக்காரர்கள் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். தளம் இறுகும்வரை யாரும் இறங்குவதில்லை. இறுகினதும், ஒன்றாம் மாடிக்காரர்கள் முதன்முதலாகக் காலை வைத்த அன்று, காலனி மொத்தமும் தெருவில் நின்று பார்த்தது. ஒரு கிழவர் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஒவ்வொரு மாடியாகக் கட்டடம் ஏற ஏற, டீச்சர் முற்றத்திலிருந்து வடக்கே தெரிந்த வானம் ஒவ்வொரு முழமாகக் குறைந்தது.

நாலாவது மாடித் தளம் புரட்டாசியில் இறுகியது. சுவர் இன்னும் எழும்பவில்லை. படிக்கட்டு மட்டும் வந்து சேர்ந்திருந்தது. ஜெயசீலன் அன்றைக்கு லீவு போட்டு, சவரம் செய்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். தனியாக ஏறப் பயமாக இருக்கிறது என்று டீச்சரைக் கூப்பிட்டான். டீச்சருக்கு முழங்கால் வலி. ஒரு மாடிக்கு ஒருமுறை நின்று நின்று அவனுக்குப் பின்னால் ஏறினார்.

கடைசிப் படியில் அவன் நின்றுவிட்டான். எதிரே, ஏழு எட்டு அடி தூரத்தில் முத்துச்செல்வி, பிள்ளையைக் கையில் பிடித்தபடி. ஒரு வருடமாக அண்ணாந்தே பார்த்த முகம் நேராக, தன் உயரத்தில் இருந்தது. அவன் காலை எடுத்து வைக்கவில்லை. முன்பு ஒருமுறை எடுத்து வைத்தவன்தானே.

"படியில நிக்காதீங்க" என்றாள் முத்துச்செல்வி. "உள்ள வாங்க."

நாள் முழுக்க ஊரை அதட்டுகிற கண்டக்டர் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் காலை வைத்தான். தரை இருந்தது. பிறகு அவர்கள் இருவரும் செய்தது என்ன என்று டீச்சர் பார்க்கவில்லை, திரும்பி நின்றுகொண்டார்.

பிள்ளைக்குப் பத்து மாதம். பிறந்தது முதல் காற்றிலே தவழ்ந்து காற்றிலே நின்று பழகினது. அது நடந்தால் சத்தமே வராது. இப்போது அம்மா கையை விட்டுவிட்டு ஒரு எட்டு வைத்தது. தொம் என்றது. பிள்ளை மிரண்டு நின்றது. குனிந்து காலைப் பார்த்தது. இன்னொரு எட்டு, தொம். அவ்வளவுதான், அந்தச் சத்தம் தன்னுடையது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, தளம் முழுக்கத் தொம் தொம் என்று குதிக்க ஆரம்பித்தது.

மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பெண் குரல் அதட்டியது. "யாரது மேல இப்படிக் குதிக்கிறது? இங்க தலையில விழுகிற மாதிரி இருக்கு!"

குருவம்மாள் டீச்சர் படிக்கட்டின் விளிம்புக்கு வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கீழே பார்த்துச் சொன்னார்.

"எங்க வீட்டுப் பிள்ளதாம்மா. இப்பத்தான் நடக்குது, கொஞ்சம் பொறுத்துக்கங்க."